அவுரித் தலையும் பாக்கெட் தலையும்

ஜனக்புரி வெஸ்டில் மெட்ரோ ஏறியதுமே நானும் கல்யாணராமனும் முதியோர் இருக்கைக்கு எதிரே போய் நின்றுகொண்டோம்.

பந்தயம் இதுதான். அந்த இருக்கையில் இருப்பவர் யாரைக் கிழவன் என்று நினைத்து எழுந்து இடம் கொடுக்கிறாரோ, அவன் தோற்றான்.

எனக்கு எழுபத்தொன்று, அவனுக்கு எழுபத்திரண்டு. ஒரே செக்‌ஷனில் ரிட்டையர் ஆனவர்கள். தலையில்தான் கட்சி வேறு.

என் தலை மருதாணியும் அவுரி இலையும் அரைத்துப் பூசியது. இந்தக் கருப்பைப் பார்த்து ஜனக்புரிக் காக்கைகள் வெட்கப்பட்டுப் பக்கத்துத் துவாரகாவுக்குக் குடிபோய்விட்டன.

அவன் தலை பாக்கெட் டை. அவன் பூசிக்கொள்ளும் நாளில், கொசுமருந்து வண்டி வந்துவிட்டதென்று நாலு தெரு ஜனம் ஜன்னலைச் சாத்தும்.

தோற்றவன் ஆயுளுக்கும் அடுத்தவன் கட்சிக்கு மாற வேண்டும். நான் தோற்றால் அந்த நெடி என் தலையில். அவன் தோற்றால் ஞாயிறுதோறும் பச்சைச் சேற்றை அப்பிக்கொண்டு, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, அரை நாள் அசையாமல் உட்கார வேண்டும்.

நடுவர், கூடவே வந்த என் மனைவி சுபாஷிணி. எனக்கு அரைத்துக் கொடுப்பவளே அவள்தானே என்று கல்யாணராமன் ஆட்சேபித்தான். தள்ளுபடி.

இருக்கையில் ஒரு பெண், காதில் ஹெட்போனோடு, போனுக்குள் மூழ்கியிருந்தாள்.

திலக் நகர் போயிற்று. ரஜோரி கார்டன் போயிற்று. என் முழங்கால் உள்ளுக்குள் ஒப்பாரி வைத்தது.

"என்ன ஓய், கால் மாத்தி மாத்தி நிக்கறீர்? சொல்லும், அந்தக் குழந்தையை நானே எழுப்பறேன்" என்றான் கல்யாணராமன், தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

நான் வாலிபன்போல் விசிலடித்தேன். காற்றுதான் வந்தது.

கீர்த்தி நகரில் அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

என் தலையைப் பார்த்தாள். அவன் தலையைப் பார்த்தாள். இருவரும் முதுகை நிமிர்த்தினோம்.

எழுந்தாள்.

எங்கள் இருவருக்கும் நடுவே கையை நீட்டி, பின்னால் நின்ற பஞ்சு வெள்ளைத் தலையிடம், "ஆன்ட்டிஜி, ஆப் பைட்டியே" என்றாள்.

எனக்கு அரைத்துப் போடுகிறவள் தன் தலையில் ஒரு பொட்டுச் சாயம் தடவிக்கொண்டதில்லை.

சுபாஷிணி சாவகாசமாக உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். தீர்ப்புச் சொன்னாள்.

"ரெண்டு பேருமே ஜெயிச்சுட்டேள். கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ."

பிடித்துக்கொண்டோம், இறங்கும்வரை.

அவள் தலைக்கு மேலே அந்தப் பலகை: வயதானவர்களுக்கு மட்டும்.

எங்கள் மூவரில் அங்கே உட்கார உரிமை இல்லாதவள் அவள் ஒருத்திதான். அறுபதுக்கு இன்னும் இரண்டு தீபாவளி பாக்கி.