எதிர்வீட்டுக் கறிவேப்பிலை

"ஓட்டு எண்றாங்கன்னு ஊரே டிவி முன்னாடி குந்திகினு கீது, நீங்க இன்னாண்ணே செடியைச் சுத்திப் பள்ளம் தோண்டிகினு கீறீங்க?"

கேட்டைத் திறக்காமல் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள் சரசா. எதிர்வீட்டுக் கிருபாகரன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தார்.

"இடம் மாத்தணும்மா. வெயில் ஏறதுக்குள்ள முடிச்சிரலாம்னு பார்க்கேன்."

டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெற்கே சாயர்புரத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகியும் இந்த நெமிலிச்சேரியால் அவர் பேச்சை மாற்ற முடியவில்லை.

அந்தத் தெருவில் சரசாவுக்குத் தெரியாமல் ஒரு குக்கர் விசிலடித்ததில்லை. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், வந்தவர்கள் பஜ்ஜியை ஏன் மிச்சம் வைத்தார்கள் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. ஆனால் இந்த ஒரு மாதமாக அவள் தூக்கத்தைக் கெடுத்தது அடுத்தவர் வீடல்ல, சொந்த வீடு.

ஸ்டேஷனுக்குப் போகும் அந்தத் தெருவை அகலப்படுத்தப் போகிறார்களாம். அளக்க வந்தவர்கள் சரசா வீட்டுப் பக்கச்சுவரில், முன்னறை ஜன்னலையும் தாண்டி, சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தாலி தவிர எல்லாவற்றையும் விற்றுக் கட்டிய வீடு. கோடு வரைக்கும் இடித்தால் மிஞ்சுவது அடுப்படியும் கக்கூசும்தான்.

ஓட்டுக் கேட்டு வந்த எதிர்க்கட்சி வேட்பாளரைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் அவர் கழுத்து மாலையே நனைந்துபோனது. "நாங்க வந்தா உங்க பக்கம் ஒரு செங்கல்லுல கை வெக்க மாட்டோம்மா" என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்துவிட்டுத்தான் அவரால் அடுத்த வீட்டுக்கு நகர முடிந்தது.

அன்றிலிருந்து அம்மன் கோவிலில் வேண்டுதல், தர்காவில் சர்க்கரை. ஒன்றும் விட்டுப்போகக் கூடாதென்று கிருபாகரனிடமும் சொல்லி வைத்திருந்தாள்: "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை போட்டு வைங்கண்ணே, ஆட்சி மாறணும்னு."

அது என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் இப்போது வந்திருந்தாள்.

"ஜெபம் பண்ணீங்களா, இல்லியா? ரெண்டு கட்சியும் மாத்தி மாத்தி முன்னாடி வருது."

"தினமும் பண்ணுதோம்மா. உங்க வீடு நிக்கணும்னு."

"ஊடு நிக்கணும்னா ஆட்சி மாறணும்னுதான? அதையும் சேத்து சொன்னா வாயா வலிக்குது?"

"யாரை ஏத்தணும், யாரை இறக்கணும்ங்கிறது ஆண்டவர் பாடு. நான் இந்த ஊருக்கு வந்த பெறகு எத்தனை ஆட்சி மாறியாச்சு! வந்தவங்க எல்லாருமே இனி நாமதான்னு நெனைச்சாங்க. மாறாம இருக்கது அவரோட ராஜ்யம் ஒண்ணுதாம்மா. அதை நம்பிட்டா, இங்க எவர் வந்தாலும் பயமில்லை."

"அந்த ராஜ்யத்துல எலெக்‌ஷனே கெடையாதா?"

"கிடையாது."

"அப்ப பிரியாணி, கொடம், பொடவை ஒண்ணியும் கெடையாது. நல்ல ராஜ்யம் போ!"

உள்ளே அவர் மனைவி ஜெபா சிரிப்பது கேட்டது.

சரசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வீட்டுச் சுவரில் கோடு இல்லாதவர்களுக்கு வாயில் பரலோகம் நன்றாகவே வரும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தபடியே, கேட்டுக்கு மேல் கையை நீட்டி, தினப்படி வழக்கம்போல இரண்டு கொத்து கறிவேப்பிலையை ஒடித்துக்கொண்டாள். கேட்டு எடுக்கும் பழக்கம் அவளுக்கும் இல்லை, எதிர்பார்க்கும் பழக்கம் அவருக்கும் இல்லை.

"கத்திரி வெயில்ல செடியைச் சாவடிச்சிடாதீங்கண்ணே. எங்கூட்டு ரசம் இத்த நம்பித்தான் கீது."

மதியம் சாப்பாட்டு நேரத்தில் தெருமுனையில் சரவெடி வெடித்தது. ஆட்சி மாறிவிட்டது. அவள் அழுது பிடித்த வேட்பாளரும் ஜெயித்துவிட்டார். சரசாவின் புருஷன் அழகேசன், பத்து வருஷமாகத் திரும்பிப் பார்க்காத கட்சியின் துண்டை எங்கிருந்தோ தேடியெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். சரசா ஜாங்கிரி டப்பாவோடு எதிர்வீட்டுக்கு ஓடினாள். இந்த முறை கேட்டைத் திறந்துகொண்டே போனாள்.

"மாறிடுச்சுண்ணே! எங்க ஊடு தப்பிச்சுது! உங்க சாமி கேட்டுகிச்சு!"

"ஸ்தோத்திரம்!" என்றார் கிருபாகரன், மனசார. ஜாங்கிரியை வாங்கி ஒரு வாய் கடித்துவிட்டு மீதியை மனைவியிடம் நீட்டினார். ஜெபாவின் கண்கள் கலங்கியிருந்தன. நமக்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே என்று சரசாவுக்கு மனசு இளகிப்போனது.

அப்போதுதான் கீழே பார்த்தாள். கறிவேப்பிலைச் செடி தாய்மண்ணோடு தோண்டியெடுக்கப்பட்டு, ஈரச் சாக்கில் சுற்றிக் கிடந்தது.

"அய்யய்யோ, சோக்கா வளந்த செடியாச்சேண்ணே! இத்த எங்க கொண்டுபோயி வெக்கப் போறீங்க?"

"உங்க வீடு நிக்கணும்னு ஜெபம் பண்ணிட்டு, இதை இங்கனயே விட்டு வச்சா எப்படிம்மா?" கிருபாகரன் செடியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "ரோடு வந்துதானே ஆகணும், உங்க பக்கம் இல்லைன்னா எங்க பக்கம். வாங்க, உங்க வாசல்ல நட்டிருவோம்."