சுவரைப் பார்த்த நாய்

"அந்த நாய் மட்டும் வேண்டாம்மா," என்றார் அப்பா.

"ஏன்?"

"பார்க்க ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? காரணம் சொல்லுங்க. காரணம் இல்லாத தீர்ப்பு செல்லாது."

மகள் சட்டம் படிக்கிறாள். வீட்டில் அவளுக்குப் பெயரே வக்கீலம்மா.

பல்கலைக்கழக அரங்கில் மரச்சிற்பக் கண்காட்சி. ஏற்பாடு முழுக்க அவளுடையது. சாலையில் வண்டி மோதிச் செத்த விலங்குகள் வரிசையாக நின்றன. நரி, முள்ளம்பன்றி, பூனை, தாயைத் தேடுகிற குரங்குக்குட்டி. எல்லாவற்றின் காலடியிலும் ஒரே வாசகம்: 'நீ நின்றிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.'

மருந்துக் கடையை அடைத்துவிட்டு, வேனிலிருந்து இறக்கிவைக்க உதவிக்கு வந்திருந்தார் அப்பா. மற்றதையெல்லாம் ஒழுங்காக வைத்தவர், நாயை மட்டும் மூலையில் சுவரைப் பார்க்க வைத்து, மேலே ஒரு துணியையும் போட்டு மூடியிருந்தார். சிற்பி கடைசியாகச் செதுக்கி முடித்தது அது. மகள் இன்னும் அதைப் பார்க்கவே இல்லை.

"இது தணிக்கைப்பா. சிற்பி அக்கா சும்மா பொழுதுபோகாமச் செதுக்கலை. அவங்க வேலை பார்க்கிறதே கால்நடை மருத்துவமனையில. அங்க வந்து செத்துப்போனதைத்தான் செதுக்குறாங்க. கண்ணைப் பாருங்க. நரிக்கு ஹெட்லைட் கண்ணாடி. பூனைக்குப் பின்விளக்குச் சிவப்பு. மோதின வண்டியில இருந்து உடைஞ்ச சில்லு எல்லாம். கண்ணே சாட்சிப்பா."

விரலை நீட்டி நீட்டிப் பேசினாள். நகமெல்லாம் கத்தரிப்பூ நிறம். வீட்டில் விரிசல் விட்ட எதற்கும் அந்த நகப்பூச்சுதான் வைத்தியம். மூக்குக்கண்ணாடி, வாளி, அவள் ஸ்கூட்டர், எதுவும் தப்பியதில்லை. 'அசந்து தூங்கினா என் வழுக்கையிலயும் பூசிடுவா' என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இன்று அவர் சிரிக்கிற நிலையில் இல்லை.

"தெரியாம இடிச்சிருப்பாங்கம்மா. பயந்திருப்பாங்க. சின்ன வயசா இருந்திருக்கும்."

"தெரியாம இடிச்சா அது விபத்து. திரும்பிப் பார்த்துட்டும் போனா, அது கொலை."

"சட்டத்துல அப்படியா இருக்கு?"

"மனசாட்சியில இருக்கு. இடிச்சவனுக்கு நீங்க எதுக்கு வக்காலத்து வாங்குறீங்க?"

அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அரங்கில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அவரையே பார்த்தாள்.

"அப்பா... நீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "நான்தான்னு வெச்சுக்கோயேன்."

பாத்திரத்தில் விழுந்த எறும்பைக்கூட விரல் கொடுத்துக் கரையேற்றுகிற மனுஷன்.

"இத்தனை நாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி எங்ககூட உட்கார்ந்து எப்படிப்பா சாப்பிட்டீங்க?"

"அதான் சொல்றேன், எடுத்துடலாம்."

"எடுக்க மாட்டேன். நடுவுல வைப்பேன். வர்றவங்க பார்க்கட்டும். நீங்களும் பக்கத்துல நின்னு பாருங்க."

துணியோடு சேர்த்து நாயை அணைத்துத் தூக்கினாள். நல்ல கனம். அப்பா பின்னாலேயே ஓடினார். "வேண்டாம்டா கண்ணு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அப்பா சொல்றதைக் கேளு."

நடுமேடையில் அவள் அதை இறக்கிவைத்த சத்தத்தில், வாசலில் பலகை அடித்துக்கொண்டிருந்த சிற்பி சுத்தியலோடு உள்ளே வந்தாள்.

"என்ன சார் பிரச்சினை?"

"இதை இடிச்சதே இவர்தானாம்க்கா. அவர் வாயாலயே சொல்லிட்டார்."

"யாரு, சாரா? நல்லா இருக்கே கதை. போட்டிருந்த சட்டையைக் கழற்றி, அதுல இதைச் சுத்தி, கொட்டுற மழையில தூக்கிட்டு ஓடி வந்தவர்மா உங்க அப்பா. இவர் மடியிலதான் அதுக்கு உயிர் போச்சு."

"அப்போ இடிச்சது?"

"ஏதோ ஸ்கூட்டராம். பார்த்தவங்க சொன்னது. கொஞ்ச தூரம் போய் நின்னு, திரும்பிப் பார்த்துட்டு, அப்படியே போயிடுச்சாம். கால்ல குத்தியிருந்த சில்லை நான்தான் இடுக்கியால எடுத்தேன். அதைக் கையில வாங்கிப் பார்த்ததும் சார் முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. அதைத்தான் இதுக்குக் கண்ணா வெச்சிருக்கேன்."

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். திறந்துவைக்கத் துணைவேந்தர் வந்துவிட்டார். சிற்பி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு விரைந்தாள்.

மகள் துணியை இழுத்தாள்.

நாய் முன்னங்காலை ஊன்றி, பாதி எழுந்த நிலையில், போகிற யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது. ஒற்றைக் கண் ஆரஞ்சு நிறம். ஸ்கூட்டரின் இண்டிகேட்டர் சில்லு. அதன் குறுக்கே, விரிசலை மூடி, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு.

அப்பா குனிந்து துணியை எடுத்தார். "மூடிடட்டுமாம்மா?"

அவள் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"எழுந்து நின்னுச்சேப்பா," என்றாள். "நான் திரும்பிப் பார்த்தப்போ அது எழுந்து நின்னுச்சே."