சத்தம் கூடின ஹெட்போன்

உலோகம் தேடும் கருவிக்கு மூன்று ஹெட்போன்கள் வாங்கி வந்த நார்மன், யார்க்‌ஷயர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு காசைப் புதைத்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்.

"மூணாவதுதான் காதைப் பிளக்குது, பெரில்!"

"முதலாவதையே வச்சுக்கோ. சத்தம் கம்மி, காதுக்கு நல்லது," என்றார் மனைவி அவசரமாக.

"சத்தம் கம்மியா இருந்தா புதையல் எப்படிக் கிடைக்கும்?" மூன்றாவதை மாட்டியபடியே ரோஜாச் செடிப் பக்கம் நகர்ந்தார்.

"அங்க போகாதே, முள்ளு குத்தும்!"

ஹெட்போன் அலறியது. நார்மன் ஆசை ஆசையாகத் தோண்டினார். பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது, தினமும் விடியற்காலையில் அவர் ஊதிக்கொண்டிருந்த ட்ரம்பெட். திருடு போய்விட்டதென்று போலீசில் புகார் கொடுத்திருந்தார்.

"பெரில்! நீயா இதை...?"

"இப்படி வெளிச் சத்தம் கேக்காம காதை அடைக்கிற ஹெட்போன் ஒண்ணை எனக்கு அப்பவே வாங்கிக் குடுத்திருந்தா, நான் ஏன் அதைப் புதைக்கப் போறேன்?"