ஊசி போட்ட பிறகு கால் மணித்தியாலம்

கார் நிற்பதற்கு முன்னமே அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

"அம்மா, பொறுங்கோ, விழப்போறியள்!" என்று மகன் கத்தினான்.

அவள் பொறுக்கவில்லை.

ஊசி போடப் போகிற முகமா அது? கலியாண வீட்டுக்குப் போகிற முகம். பெட்டிக்குள் கிடந்த மயில்கழுத்து நிறச் சேலை. அதற்கு மேல், குளிருக்குப் போட்ட தடித்த ஜாக்கெட். கைப்பைக்குள் கடதாசியில் சுற்றிய அரியதரப் பலகாரம்.

கனடாவின் ஸ்காபரோவில் அந்த மருந்துக் கடையின் பின்பக்கத்தில்தான் ஊசி போடுவார்கள். பக்கத்தில் சில நாற்காலிகள். ஊசி போட்டவர்கள் கால் மணித்தியாலம் அதில் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். மயக்கம் கியக்கம் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

இவ்வளவு அலங்காரமும் அந்தக் கால் மணித்தியாலத்துக்குத்தான்.

தங்கச்சி வருவாள்!

கூடப்பிறந்த தங்கச்சி, புனிதம். பஸ் ஏறினால் சுணங்காமல் வந்து சேர்கிற தூரத்தில்தான் இருக்கிறாள். இருந்து என்ன பிரயோசனம்? புனிதத்தின் மகன் தன் கலியாணத்துக்குப் பெரியம்மா வீட்டுக்கு நேரில் வந்து சொல்லவில்லை. வட்ஸ்அப்பில் கார்டை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான். இவளுடைய மகனுக்கு வந்ததே ரோசம்! இனி அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

பெடியள் பிடித்த சண்டைக்குத் தாய்மார் என்ன செய்வார்கள்? வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தொலைபேசியில் கதைத்தார்கள். அது முகம் பார்க்கிற மாதிரி ஆகுமா?

ஊசிதான் வழி காட்டியது.

மாரிக் குளிர் தொடங்க ஃப்ளூ ஊசி. கொஞ்ச நாள் கழித்துக் கொரோனா ஊசி. இரண்டுக்கும் ஒரே நாளாக, ஒரே நேரமாகப் பார்த்து இரண்டு பேரும் பதிந்துகொண்டார்கள். வருடத்தில் இரண்டு முறை. போன வருடமும் அப்படித்தான், அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான். ஒரு குருவிக்கும் தெரியாது.

வந்துவிட்டாள்!

ஷாம்புப் போத்தல்களுக்குப் பின்னால் நின்று தங்கச்சி கண்ணைக் காட்டினாள். உன்ரை மகன் போகட்டும் என்று அர்த்தம். இவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மகன் போனால்தானே?

ஊசி போடுகிற பிள்ளை ஆரணி தட்டோடு வந்தாள்.

"அன்ரி, இந்த முறை கொரோனா ஊசியும் வந்திட்டுது. ரெண்டையும் இண்டைக்கே போடலாம். ஒரு கைக்கு ஒண்டு."

வேண்டாம் பிள்ளை என்று அவள் வாயெடுக்க முன்னம் மகன் முந்திக்கொண்டான். "போட்டுவிடுங்கோ. ஒரு அலைச்சல் மிச்சம்."

ஏதாவது சாட்டுச் சொல்லலாம் என்றால், பாழாய்ப்போன வாயில் ஒரு சாட்டும் வரவில்லை.

இடக்கையில் ஒன்று. வலக்கையில் ஒன்று.

ஊசி குத்தின நோவு தெரியவே இல்லை. அடுத்த முறை என்று ஒன்று இல்லாமல் போய்விட்டதே என்றுதான் அழுகை வந்தது.

மகனுக்குப் போன் வந்தது. கதைத்தபடி காருக்குப் போனான்.

முழங்கால் வருத்தக்காரி ஓடி வந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்! புனிதம் முன்னமே ஊசி போட்டுக்கொண்டுவிட்டாள். மூச்சு வாங்க வாங்கப் பக்கத்து நாற்காலியில் விழுந்தாள்.

"ரெண்டையும் இண்டைக்கே போட்டாச்சடி," என்றாள் இவள்.

தங்கச்சியின் முகம் கறுத்துப்போனது.

"அப்ப அடுத்த மாரிக்குத்தானா?"

ஒரு கணம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு பேசாமல் இருந்து நேரத்தை வீணாக்குகிறோமே என்று இரண்டு பேருக்கும் ஒன்றாகவே உறைத்தது. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. புனிதத்தின் மருமகளுக்கு இது மூன்றாம் மாதம். அக்காவுக்குக் கண்ணில் புரை. ஊரில் வளவுக்குள் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரம் புயலில் விழுந்துவிட்டது. ஒருத்தி சொல்லி முடிக்க முன்னம் மற்றவள் தொடங்கினாள். அரியதரத்தைப் பிய்த்து அக்கா தங்கச்சியின் வாயில் வைத்தாள். ஆரணி கண்டும் காணாதவள் மாதிரி நின்றாள். அவளுக்கும் ஒன்று போனது.

கண் மூடித் திறக்கக் கால் மணித்தியாலம் முடிந்தது.

கதவு திறந்தது. மகன்!

தங்கச்சிக்கு எழும்ப நேரமில்லை. ஜாக்கெட்டின் தொப்பியை இழுத்து முகத்தை மூடி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்காவைப் பிடித்திருந்த கையை விட மட்டும் மறந்துபோனாள்.

"முடிஞ்சுதோ?" என்று மகன் கேட்டான்.

"இல்லை அண்ணா," என்றாள் ஆரணி. "ரெண்டு ஊசியெல்லோ. அரை மணித்தியாலம் இருக்க வேணும்."

அப்படி ஒரு சட்டம் இருப்பதாக இவள் கேள்விப்பட்டதே இல்லை. ஆரணியைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை கணினியை விட்டுத் தலை நிமிரவில்லை.

மகன் அம்மாவைப் பார்த்தான். தொப்பிக்குள் ஒளிந்திருந்தவளைப் பார்த்தான். கோத்திருந்த கைகளைப் பார்த்தான்.

"இந்த வயசுக்காரருக்கு வேறை ஏதும் ஊசி இருக்கோ?" என்று மகன் ஆரணியைக் கேட்டான்.

"அக்கி வராமல் போடுற ஊசி இருக்கு. அதுக்கு ரெண்டு தரம் வரவேணும்."

மகன் தொண்டையைச் செருமினான்.

"பதிஞ்சுவிடுங்கோ. ரெண்டு பேருக்கும் ஒரே நாளாப் பார்த்து."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் காருக்குப் போனான்.