சின்ன சைஸ்

பனியன் கம்பெனி மாடியில் ட்யூப்லைட் துடித்துத் துடித்து எரிகிறது. மனைவியின் பிரசவத்துக்காக ஆடியில் நிக்கோபாரிலிருந்து ஊர் வந்து இங்கேயே தங்கிவிட்ட மிஷனரி ஜெபதாஸ், திறந்து கிடக்கும் அட்டைப்பெட்டி முன் நிற்கிறார். இரவு ரயிலைப் பிடித்தால்தான் கப்பல். மார்கழியில் வந்த சுனாமிக்குப் பிறகு தீவிலிருந்து ஒரு சேதியும் இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் படகில் கொண்டுபோய் அவரே தீவுப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடும் பனியன்கள் இவை. கீழே ஓவர்லாக் தையல் மெஷின்களின் இரைச்சல் எழும்போதெல்லாம், கடல் இரைச்சலைக் கேட்டவர்போலச் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்புகிறார். பேக்கிங் பார்க்கும் வேலாத்தாள் தலை நிமிராமல் கேட்கிறாள்: "ஏனுங்க, சின்ன சைஸ் எத்தன வெக்கட்டுங்க?" அவர் ஒரு பனியனை வாங்கித் தோள் தையலைச் சாணால் அளக்கிறார். மறுபடியும் அளக்கிறார். "எல்லாருக்கும் வைங்கக்கா," என்கிறார். "போன வருசத்தவிட ஒரு சைஸ் கூட்டியே வைங்க. பிள்ளைக வளந்திருக்கும்."