அடியிலிருந்து முதலாவது

"இருக்கறதுலயே மட்டமான கார்டு எது தம்பி?"

வாசலில் எடுத்த வரிசை நம்பர் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு அந்த அம்மாள் கேட்டதும், மெல்கர் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தான்.

சுண்ட்ஸ்வால் நகரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் அவன். எந்த கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு எத்தனை படம் காட்டும் என்று ஒவ்வொன்றையும் தானே ஓட்டிப் பார்த்து, வேகத்தின்படி சுவர் நிறைய எழுதி ஒட்டியிருந்தான். வருகிறவர்கள் எல்லோரும் அதை அண்ணாந்து பார்ப்பார்கள். குனிந்து பார்த்த முதல் ஆள் இந்த அம்மாள்தான்.

"மட்டம்னா, விலையிலயாம்மா?"

"வேகத்துல. படம் திக்கித் திணறணும்."

மெல்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேரனுக்கா? இதைக் கொடுத்தீங்கன்னா உங்க வீட்டுப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டான்."

"பேரனுமில்ல, பேத்தியுமில்ல. எனக்குத்தான். கார் பந்தயம் ஆடுவேன்."

இப்போது எந்தக் கார்டு வைத்திருக்கிறாள் என்று கேட்டான். சொன்னாள். அவன் பட்டியலில் மேலிருந்து இரண்டாவது!

"அதை வெச்சுக்கிட்டா இதைக் கேக்கறீங்க? கரன்ட் பில்லுக்குப் பயந்தா? ஆட்டத்துல கஞ்சத்தனம் பாக்கக் கூடாதும்மா."

குன்வோர் என்ற அந்த அம்மாள் சுவர்ப் பட்டியல் பக்கம் திரும்பினாள். கடைசி வரியைக் கைகாட்டினாள். மெல்கர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எடுத்துக் கொடுத்தான்.

இரண்டு நாளில் அதே பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"ஏமாத்திட்டியே தம்பி. இது நல்லா ஓடுது."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லா ஓடுதுன்னு புகார் சொல்ல வந்தது நீங்க ஒருத்தர்தாம்மா," என்றான் மெல்கர் பல்லைக் கடித்துக்கொண்டு. "விளையாடறீங்களா?"

"விளையாடத்தானே கேக்கறேன்? வளைவுல கூடத் திணற மாட்டேங்குது."

"எதுக்கும்மா திணறணும்?"

குன்வோர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மேசைமேல் சாய்ந்தாள். குரல் இறங்கியது.

"எங்க வீட்டுக்காரருக்குப் போன வருஷம் பக்கவாதம். வலது கை இன்னும் பழையபடி வரலை. தினமும் காபி குடிச்சதும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர்ல எதிரும் புதிருமா உக்காந்து ஆடுவோம். இப்ப தோத்துத் தோத்து மனுஷன் பாதியிலயே எழுந்து போயிடறார். நான் வேணும்னே மெதுவா ஓட்டினா உடனே கண்டுபிடிச்சுடறார். அப்புறம் ராத்திரி சாப்பாடு கூட இறங்காது அவருக்கு. என் கை நேர்மையா ஓட்டணும், கம்ப்யூட்டர் காலை வாரணும். வேற வழி தெரியலை தம்பி."

மெல்கர் கஞ்சத்தனம் என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பின்கட்டுக்குப் போய், குப்பைக்குப் போகவிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்து ஒரு கார்டைக் கொண்டுவந்தான். அவன் பட்டியலில் ஏறவே தகுதியில்லாதது. மாட்டி ஓட்டிக் காட்டினான். ஆட்டத்தின் பனிச்சாலையில் கார் நின்றது, திடீரென்று மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது, மறுபடி நின்றது.

"ஆகா!" என்று கைதட்டினாள் குன்வோர். "அருமை!"

"காசு வேண்டாம்மா. எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் இலவங்கப்பட்டை பன் ஒரு பை நிறைய வந்து சேர்ந்தது. அன்றெல்லாம் மெல்கருக்குத் தன்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

சில வாரம் கழித்து ஒரு பெரியவர் கைத்தடியோடு கடைக்குள் வந்தார். வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. வரிசைச் சீட்டுகூட எடுக்கவில்லை. நேராக மேசைக்கு வந்தார்.

"குன்வோருக்கு அந்தக் குப்பைக் கார்டைக் கொடுத்தது நீதானா?"

மெல்கர் அவசரமாக மேசையைத் துடைக்க ஆரம்பித்தான். "எந்த... எந்தக் குன்வோர்?"

"நடிக்காதே தம்பி. நான் ஸ்டூரே, அவ புருஷன். தூசி தட்டலாம்னு அவ கம்ப்யூட்டரைத் திறந்தேன். உள்ள மியூசியத்துல வைக்க வேண்டிய சாமான் இருக்கு."

"ஐயா, அவங்க மேல கோபப்படாதீங்க. உங்களுக்காகத்தான்..."

"தெரியாமலா? நான் கண்டுபிடிச்சது அவளுக்குத் தெரியாது. நீயும் மூச்சு விடக் கூடாது."

"விட மாட்டேன். அவங்க பழைய கார்டையே திருப்பி மாட்டணுமா?"

"மாட்டினா அவளுக்கு விஷயம் தெரிஞ்சுடாதா? பாவம், எனக்காக இவ்வளவு யோசிச்சிருக்கா." பெரியவர் மேசையில் சாய்ந்தார். "அதைவிடத் திணறுறதா ஒண்ணு கொடு. என் கம்ப்யூட்டருக்கு."

மெல்கர் திகைத்தான். "அதுக்குக் கீழே கால்குலேட்டர்தான் ஐயா இருக்கு! ஜெயிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க? இப்ப எதுக்கு இது?"

ஸ்டூரே பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். மெல்ல மெல்ல விரல்களை விரித்து மேசைமேல் வைத்துக்கொண்டார்.

"அவ ஜெயிச்சா நாற்காலியை விட்டு எழுந்து, ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, வீடு அதிர ஒரு ஆட்டம் போடுவா தம்பி. அது நின்னப்புறந்தான் புரியுது, நான் தினம் ஆட உக்காந்ததே அதைப் பாக்கத்தான்."