ரோஸ் பேப்பரில் என் நோட்டீஸ்

"நோட்டீஸ் குடுக்காம எப்படிங்க போவீங்க?" என்றார் முதலாளி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினேன்.

எங்கள் அச்சகத்தில் நோட்டீஸ் என்றால் ஒன்றுதான். கடைத் திறப்பு, தள்ளுபடி, காணாமல்போன பூனை. நாளெல்லாம் அடித்துத் தள்ளுவோம்.

போன மாதம், வேலையை விடுகிறேன் என்று கணினியில் நாலு வரி அடித்து, நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன், பாருங்கள் என்று அவர் மேஜையில் வைத்தேன். போனைக் காதில் இடுக்கிக்கொண்டு தலையாட்டினார். அதோடு சரி. அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. மனுஷர் உள்ளுக்குள் கொதிக்கிறார் என்று நினைத்து, தினமும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்தேன்.

என் நியமனக் கடிதத்தில் இருப்பது ஒரு மாத நோட்டீஸ். அது இன்றோடு முடிகிறது. நாளைக் காலை தெருக்கோடிப் பெரிய அச்சகத்தில் தலைமை டிசைனர் வேலை. போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

இவரோ இன்றிலிருந்து ஒரு மாதம் எண்ணச் சொல்கிறார். சட்டம் என்றால் சட்டமாம்.

மதியம்தான் மெஷின்காரர், இதை வாங்க யாருமே வரவில்லையே என்று மூலையில் கிடந்த ஒரு ரோஸ் நோட்டீஸ் கட்டைக் காட்டினார். எதையும் படிக்காமல் அடிப்பதில் அவருக்கு ஒரு பெருமை.

அந்தக் கட்டைத் தூக்கி முதலாளியின் மேஜையில் வைத்தேன்.

மேலே என் கடிதம். அதன் ஓரத்தில் அவருடைய சிவப்பு மையில், 'ரோஸ் பேப்பர், ஐந்நூறு.' கீழே அவர் கையெழுத்து, போன மாதத் தேதியோடு.

படித்தார். அடுத்ததை எடுத்தார். அதிலும் நான் வேலையை விட்டுக்கொண்டிருந்தேன். அதற்கடுத்ததிலும்.

மெஷின்காரர் வாயைப் பொத்திக்கொண்டு காகித அடுக்குக்குப் பின்னால் ஓடினார்.

முதலாளியின் தொப்பை குலுங்க ஆரம்பித்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

நோட்டீஸ் செல்லும் என்று சொல்லிக் கையை நீட்டினார். வளையத்திலிருந்து அச்சகச் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். தரையில் கால் பாவவில்லை எனக்கு.

கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

அச்சகத்துக்குள் அவர் என்னை 'நீ' என்றது இதுதான் முதல் தடவை.

வீட்டில் அச்சகப் பேச்சே கூடாது என்பது, எங்களுக்குக் கல்யாணமான அன்றே அவர் போட்ட சட்டம்.